குங்குமம் கழுவிய பிறகு சொன்ன வார்த்தை

1

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற எல்லாருக்கும், கடலுக்கு இந்தப் பக்கம் குடித்தனம் நடத்துகிற முனிரத்தினத்தின் கும்பிடு.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. வெதுருகுப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் என்னுடையது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ். தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டது பஜனைக் கோயிலில், பாட்டைப் பார்த்துப் பாடுவதற்காக. ஆகையால் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஸ்கட்டில் ஒரு ரொட்டிக் கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறேன். விடியும் முன்னே கிளம்பினால் மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். வந்து குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, சாமி அலமாரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்காருவேன். ஜன்னலுக்கு வெளியே பழுப்பு மலை. ஒரு புல் கிடையாது. ஆனால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் அது மெல்ல மெல்ல நீலமாகி, நம்ம ஏழுமலை மாதிரியே தெரியும். முழுசாகத் திறந்தால் போய்விடும். அதனால் நான் திறப்பதில்லை.

இன்றைக்கு அப்படி உட்கார்ந்திருந்தபோது சமையல்கட்டிலிருந்து என் வீட்டுக்காரி ரேவதி குரல் கொடுத்தாள்.

"என்னாங்க, இன்னிக்குச் செவ்வாக்கெழமை. அங்க சாட்டிம்பு."

திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை தொடங்கும் முன் ஊர் எல்லையில் தப்பட்டை அடித்துச் சொல்வதற்குத்தான் சாட்டிம்பு என்று பேர். சொல்லிவிட்டார்கள் என்றால், ஜாத்திரை முடிகிற வரைக்கும் ஊர்க்காரர்கள் எல்லையைத் தாண்டக்கூடாது. வந்த விருந்தாளிக்கும் அதே கட்டுத்தான். போன வருஷம் அந்த எல்லைக்குள் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். இந்த வருஷம் மகள் அங்கே, நாங்கள் இரண்டு பேரும் இங்கே. ரேவதி வாணலியில் கடுகைப் போட்டாள். தாளிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு எழுத வேண்டும் போல இருந்தது.

2

மகள் பேர் சுகுணா. நடை பழகின கையோடு இங்கே வந்தவள். வீட்டில் எங்கள் பேச்சு, பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் அரபு. "கலாஸ் நைனா, சோறு போதும்" என்பாள். கலாஸ் என்றால் அரபில் முடிந்தது, நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா. லீவுக்குத் திருப்பதி போனால் என் அண்ணி கையில் கரண்டியோடு நின்றுகொண்டு, "என்னாடி இது, பாதிப் பேச்சைப் பாலைவனத்துலயே வுட்டுட்டு வந்துட்டியா?" என்று கேலி செய்வாள்.

லீவு நாட்களில் என் வண்டியில் கூட வருவாள். உள்நாட்டு ஊர்களில் பேரீச்சந்தோப்புக்கு நடுவே சின்னக் கால்வாய் ஓடும். மலைக்குள்ளிருந்து வருகிற தண்ணீர், கண்ணாடி போல இருக்கும். நான் ரொட்டி இறக்கி வைப்பதற்குள் அவள் அதில் காலை விட்டு உட்கார்ந்துகொள்வாள். ஒரு தடவை கடைக்காரப் பெரியவரிடம் இதை யார் வெட்டினது என்று கேட்டாள். அந்தக் காலத்து ராஜா வெட்டினார் என்றார் அவர். வண்டி கிளம்பியும் அவள் விடவில்லை.

"ராஜாவா நைனா மண்வெட்டி புடிச்சிருப்பாரு? வெட்டினவங்க பேரு என்னா?"

"அதெல்லாம் யாருக்கும்மா தெரியும்."

"யாருக்காவது தெரியணும் இல்ல?"

நான் பாட்டைப் போட்டேன். பேரீச்ச மரங்கள் பின்னால் ஓடின. அவள் அந்தக் கேள்வியை மடியில் வைத்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது எனக்கு.

இங்கே எங்களைப் போன்ற வீடுகளில் பிள்ளை பன்னிரண்டாவது முடித்தால் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு வீட்டுப் பையன் கனடா போய்விட்டான். அம்மா போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறான். இன்னொரு வீட்டுப் பெண்ணுக்குத் தமிழ் காதில் விழும், வாயில் வராது. எங்கள் வீட்டில் வேறு மாதிரி. "நான் திருப்பதியிலயே படிக்கிறேன்" என்றாள் சுகுணா. ரேவதி சாமி அலமாரிக்குப் போய்க் கற்பூரம் ஏற்றினாள். கற்பூரம் அணைவதற்குள் அடுத்த வார்த்தையும் வந்தது.

"பி.ஏ. ஹிஸ்டரி."

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நல்ல மார்க் வாங்குகிற பிள்ளை. சயின்ஸ் குரூப்பில் போட்டிருந்தோம். எங்களுக்குத் தெரிந்த வரைக்கும், வேறு எதுவும் கிடைக்காதவன்தான் பி.ஏ. போவான். வெள்ளைக் கோட்டு, ஒரு மருந்துக் கடை, கடை மேல் அவள் பேர். இதுதான் நான் வண்டி ஓட்டும்போது கண்ட கனவு.

அந்தக் கனவைப் பாதி நிஜமாக்கி வைத்திருந்தார் என் அண்ணன் கோவிந்தசாமி. திருப்பதியில் ஒரு லாட்ஜில் மேனேஜர். எங்கள் நைனா போன பிறகு என்னைக் கையைப் பிடித்துத் திருப்பதிக்குக் கூட்டி வந்தவர், பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்து விமானம் ஏற்றினவர், எல்லாம் அவர்தான். அவர் எதிரே நின்று நான் ஒரு வார்த்தை மாற்றிப் பேசினது கிடையாது. லாட்ஜுக்கு வந்து போகிற ஒரு கரஸ்பாண்டண்டைப் பிடித்து, ஊருக்கு வெளியே இருக்கிற அவருடைய காலேஜில் சுகுணாவுக்கு பி.பார்மசி சீட் சொல்லி வைத்திருந்தார். நேரில் வந்து உறுதி செய்ய வேண்டியதுதான் பாக்கி.

3

பேப்பர் விஷயம் எழுதாமல் இருந்தால் இது வெளிநாட்டுக்காரன் எழுதினது ஆகாது. மார்க் ஷீட்டுக்கு இங்கே ஒரு முத்திரை, அந்த முத்திரை நிஜம்தான் என்று வேறொரு ஆபீசில் இன்னொரு முத்திரை. ஒரு கவுண்டரில் போட்டோவில் காது தெரியவில்லை என்றார்கள். இன்னொன்றில் காது தெரிகிறது, பின்னாடி சுவர் வெள்ளையாக இல்லை என்றார்கள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு போன வருஷம் திருப்பதி வந்து சேர்ந்தோம்.

சாட்டிம்புக்கு முந்தின நாள் காலையில் சுகுணா, "சும்மா பார்த்துட்டு வரலாம் நைனா" என்று என்னை ஊருக்குள்ளேயே இருக்கிற ஒரு ஆர்ட்ஸ் காலேஜுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெரிய மரங்கள். கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமல் தெலுங்கில் கேட்டார். லோக்கலா, நான்-லோக்கலா?

"லோக்கல்தாங்க."

"படிச்சது எங்கே?"

"மஸ்கட்."

"அப்ப நான்-லோக்கல்."

"ஐயா, எங்க நைனா, அவரோட நைனா, எல்லாம் இந்த ஜில்லாதாங்க."

"அதுக்கு ஏதாவது பேப்பர் இருக்கா?"

வெளியே படியில் வந்து உட்கார்ந்தோம். சுகுணா விழுந்து விழுந்து சிரித்தாள். "பார்த்தியா நைனா? இதுக்குத்தான் ஹிஸ்டரி படிக்கணும்ன்றேன்." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்து முடித்ததும் அவள் முகத்தில் ஒரு ஆசை அப்படியே நின்றது. பெற்றவனுக்கு அது தெரியாமல் இருக்காது.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் காதுக்கு விஷயம் போயிருந்தது.

"என்னாடி, ஹிஸ்டரியாமே?"

"ஆமா பெரிநைனா."

"எந்த ராஜாவைக் கட்டிக்கப் போற?"

"ராஜா இல்ல பெரிநைனா. நம்மளைப் பத்தி. நம்ம ஊர்ல நம்மளுக்கு நெலம் எப்ப வந்துச்சு? அதுக்கு முன்னாடி என்னா பண்ணிக்கினு இருந்தோம்? தெலுங்கு ஊர்ல எப்படித் தமிழ் பேசறோம்?"

அண்ணனின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"அத்தத் தோண்டி என்னா ஆவப் போவுது? ஊரான் நெலத்துல நாத்து நட்டுக்கினு இருந்தோம். ஊரான் வூட்டு வாசல்ல நின்னுக்கினு இருந்தோம். போதுமா? அது யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான் நான் இங்க ஓடியாந்தேன். நீ அத்த மைக்கு வெச்சி சொல்லப் போறியா?"

"அதைத்தான் யாரும் எழுதவே இல்லியே."

"துன்னுட்டு எழுந்துரு" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பினார். "டேய் முனி, நாளைக்கே போய் சீட்டை முடிச்சுட்டு வந்துரலாமா?"

மகள் என்னைப் பார்த்தாள், அண்ணனும் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன். "நாளைக்குச் சாட்டிம்பு அண்ணா. அலைச்சல் வாணாம். ஜாத்திரை முடியட்டும், எல்லை தாண்டலாம்" என்றேன். அண்ணனும் கங்கம்மாவுக்குப் பயந்தவர். "அதுவும் சரிதான்" என்றார். காலேஜுக்குப் போன் செய்து ஒரு வாரம் தவணை கேட்டார். நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

4

எனக்கு அந்த ஜாத்திரையில் ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. மஸ்கட் வந்த புதிதில் சுகுணாவுக்குக் காய்ச்சல் ஏறி, கண் சொருகி, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். யாரிடம் என்ன கேட்பது என்றுகூடத் தெரியாத ஊர். "கங்கம்மா, இவளைக் கண்ணைத் திறக்க வை, உன் ஜாத்திரையில் பண்ட வேஷம் போடுகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தாள். ஆனால் எனக்கு ஜாத்திரை சமயத்தில் லீவு கிடைத்ததே இல்லை. போன வருஷம்தான் கிடைத்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊர்ப் பெண்களைக் கெடுத்த ஒரு பாளையக்காரனைத் தேடி அம்மா நாளுக்கு ஒரு வேஷத்தில் வந்தாளாம். அவன் ஒளிந்துகொண்டான். திட்டித் திட்டி அவனை வெளியே வரவைக்கப் பார்த்தாளாம். அதனால் முதல் நாள் உடம்பெல்லாம் வெள்ளை மண், இரண்டாம் நாள் குங்குமம், மூன்றாம் நாள் கரி என்று ஜனங்கள் பூசிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். குங்குமம் பூசுகிற நாள்தான் பண்ட வேஷம். அன்றைக்கு வேஷக்காரன் யாரை வேண்டுமானாலும் திட்டலாம். அச்சில் போட முடியாத வார்த்தையெல்லாம் வரும். வாங்கிக்கொண்டவன் கோபப்படக்கூடாது, கும்பிடவேண்டும். வேஷம் கலைந்ததும் சொன்னது எதுவும் கணக்கில் நிற்காது.

வியாழக்கிழமை காலையில் அண்ணன் வீட்டு வாசலில் என்னை உட்காரவைத்துப் பூசினார்கள். ரேவதி முதுகுக்கு, சுகுணா முகத்துக்கு. "கண்ணை மூடு நைனா" என்று இமை மேல் தடவினாள். மூடின கண்ணுக்குள்ளே எல்லாம் சிவப்பு. வெயில் சிவப்பு, உடுக்கைச் சத்தம்கூடச் சிவப்பாக இருந்தது.

என் கஷ்டம் என்னவென்றால் எனக்குத் திட்ட வராது. இத்தனை வருஷம் எஸ் சார், ஓகே சார் என்றே பிழைத்தவன். தெருவில் இறங்கி இரண்டு கையையும் தூக்கி, "ஏய்... போங்க... ஒழுங்கா இருங்க..." என்றேன். எதிர்வீட்டு அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏம்பா, திட்டறியா, இல்ல கல்யாணப் பத்திரிகை வெக்கறியா?"

தெருவே சிரித்தது. அண்ணன் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்று அவரும் சிரித்தார். "உம் பொண்ணை மாதிரியே நீயும் ஹிஸ்டரிக்குத்தான் லாயக்கு. எதுக்கும் ஒதவாது" என்றார். சுகுணா அவர் பக்கத்தில் பூமாலைத் தட்டோடு நின்றிருந்தாள். அந்த வார்த்தையைக் கேட்டுத் தலையைக் குனிந்தாள்.

எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

"டேய் கோவிந்தசாமி!" என்றேன்.

தெரு அடங்கிப் போனது. என் அண்ணனைப் பேர் சொல்லி டேய் போட்டிருக்கிறேன்.

"யாருடா ஒதவாது? நாத்து நட்டவன் மவன்னு சொல்ல வெக்கமாடா உனக்கு? நம்ம நைனா கை சொரசொரன்னு இருக்குமே, அந்தக் கைல துன்னுதானேடா வளந்த? அத்த எம் பொண்ணு கேட்டா மூடி மறைக்கறியே, வாசல்ல நின்னவன் தப்பாடா, நிக்க வெச்சவன் தப்பாடா? அவ கேக்கட்டும்டா! அவ ஹிஸ்டரிதாண்டா படிப்பா!"

நடுநடுவே நான் சொன்ன மற்ற வார்த்தைகளை எழுதமாட்டேன். அவை எனக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கூட்டத்தில் விசில் அடித்தார்கள். "இப்ப கரெக்டு! இப்பதான் வேஷம்!" என்றாள் எதிர்வீட்டு அம்மா. அண்ணன் கட்டுப்படி குனிந்து என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார். நிமிர்ந்தபோது அவர் வாய் சிரித்துக்கொண்டு இருந்தது. கண் சிரிக்கவில்லை.

கோயில் வரைக்கும் நான் நடந்தேனா மிதந்தேனா, தெரியாது.

5

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, இங்கத்திய கடற்கரைக்குப் போய்விட்டு வந்தேன். சாயங்காலம் ரேவதியும் நானும் அங்கே நடப்போம். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் சேர்ந்துவிடும். முன்னே மூன்று பேராக நடந்தபோது சுகுணா பேசிக்கொண்டே வருவாள். இப்போது ரேவதி சில சமயம் காற்றில் ஏதோ கேட்ட மாதிரி திரும்பிப் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வதில்லை.

வேஷத்துக்குப் பிறகு வந்த நாட்களும் அப்படித்தான் இருந்தன, பாதித் தூக்கத்தில் கண்ட மாதிரி. எல்லை தாண்ட முடியாது, வேலை ஒன்றும் கிடையாது. தெருவெல்லாம் வேப்பிலை வாசனை. மதியத்தில் படுத்தால் ரொட்டி வண்டியை நான் ஜாத்திரைக் கூட்டத்துக்குள் ஓட்டிக்கொண்டு போவேன், கால்வாய்த் தண்ணீர் கோயில் வாசலில் ஓடும். அம்மா வேஷத்துக்குச் சேலை கட்டின ஆண்பிள்ளைகள் எழுப்பிவிட்டுப் போவார்கள். சுகுணா அவர்கள் பின்னாலேயே போய், இந்தச் சேலை யாருடையது, எந்த வேண்டுதல், உங்கள் வீட்டில் முதலில் வேஷம் போட்டவர் யார் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஜனங்கள் அவளுக்கு உட்கார இடம் கொடுத்துச் சொன்னார்கள். ஒரு முழு மதியம் ஒரு பூக்காரரோடு உட்கார்ந்துவிட்டு, வெயிலில் கறுத்துப் போய், முகம் மட்டும் விளக்கு வைத்த மாதிரி வந்தாள்.

வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணன் எப்போதும் போல என் இலையில் முதலில் சோறு போடச் சொன்னார். நான் குனிந்தபடியே தின்றுவிட்டு எழுந்தேன்.

ஒரு தடவை சுகுணா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றாள்.

"நைனா, அன்னிக்குத் தெருவுல சொன்னது சாமி சொன்னதா, நீ சொன்னதா?"

"வேஷத்துல வர்றது எல்லாம் அம்மா வாக்குதானேம்மா" என்றேன்.

"சரி நைனா" என்று சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் எனக்குத் தேவலை.

6

ஜாத்திரை முடிந்தது. புதன்கிழமை விடியலில், களிமண்ணில் செய்த அம்மாவின் பெரிய உருவத்தைக் கலைத்து அந்த மண்ணை ஜனங்களுக்குக் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு துளி கிடைத்தது. நெற்றியில் இட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அண்ணன் குளித்து வெள்ளைச் சட்டை போட்டு பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கட்டு அவுந்துச்சு. கௌம்பு. பத்து மணிக்கு கரஸ்பாண்டண்ட் இருப்பாரு. பாப்பாவோட பேப்பரை எடுத்துக்கோ."

சுகுணா ஜன்னலுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. ரேவதி கதவுக்குப் பக்கத்தில். எனக்கு உடம்பில் குங்குமம் இல்லை, தெருவில் கூட்டம் இல்லை, ஒளிந்துகொள்ள எல்லையும் இல்லை.

"அண்ணா" என்றேன்.

"என்னாடா?"

"அன்னிக்கு உன்னை டேய் போட்டது தப்பு. அதுக்குக் காலைப் புடிச்சிக்கிறேன்."

"அது வேஷம்டா. கணக்குல இல்ல."

"மத்தது கணக்குல வேணும் அண்ணா. அவ ஹிஸ்டரி படிக்கட்டும். இத்த நான்தான் சொல்றேன். அம்மா இல்ல."

அண்ணன் துணியைப் பைக் மேல் வைத்தார். தெருவில் ஒரு தயிர்க்காரி கூவிக்கொண்டு போனாள்.

"அந்தாளு வூட்டுக்கு எத்தினி தடவை நடந்திருப்பேன் தெரியுமா? அவரு மூஞ்சில எப்பிடிடா முழிப்பேன்?"

"நீ முழிக்க வாணாம். நான் வந்து சொல்றேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பைக்கைக் கிளப்பினார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஊரெல்லையைத் தாண்டும்போது இரண்டு பேரும் கையெடுத்துக் கும்பிட்டோம். கரஸ்பாண்டண்ட் நல்ல மனுஷர், காபி வரவழைத்தார். சீட் வேண்டாம் என்று நானே சொன்னேன். அப்படியானால் பெண் என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்டார். "ஹிஸ்டரி சார்" என்றேன். அந்த வார்த்தையை ஒரு வெளி மனிதரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று கேட்டார். தெரியலீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் காபியைக் கீழே வைத்தார்.

"எந்தம்பி இத்தினி வருசமா நான் சொன்னதை மட்டும்தான் சார் கேட்டான். இந்த ஒரு தடவை அவன் சொல்றான்."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பி வருகிற வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். வேஷம் இல்லாமல், பைக் ஹாரன் அடித்துக்கொண்டே. புத்தி கெட்டவனே, பொண்ணு சொன்னா ஆடறவனே, நாளைக்கு அவ வேலையில்லாம நின்னா உன் ரொட்டியையா துன்னுவா? எல்லாம் நியாயமான கேள்விதான். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, காற்றில் கண்ணை மூடி, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். எனக்குச் சுகமாக இருந்தது. கும்பிடவேண்டும் போலக்கூட இருந்தது.

வீடு வந்தது. நான் இறங்கினேன். அண்ணன் இறங்கவில்லை, இன்ஜினை அணைக்கவும் இல்லை. சுகுணா வாசலுக்கு வரவில்லை. ஜன்னலில் அவள் கைமட்டும் கம்பியைப் பிடித்தபடி தெரிந்தது. என்ன ஆயிற்று என்று கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. நான் அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினேன்.

அண்ணன் ஹாரனை நீளமாக அழுத்திவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்:

"அடியே ஹிஸ்டரி! பேப்பருங்களை எடுத்துக்கினு வாடி சீக்கிரம். அந்த நான்-லோக்கல்காரன் கவுண்டரை மூடிடப் போறான்!"